யாருக்கு ஓட்டுப் போட்டால் பாவம்?

சிங்கப்பூரின் வடக்கே வசிக்கும் 46 வயது சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு தமிழ்ச் சபையின் நிர்வாகக் குழுவில் செயலாளர். கணவர் நாகர்கோவில்காரர், நிரந்தரவாசி. 2025 மே 3 பொதுத் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போதகர் வேதாகமத்தில் பவுல் எழுதிய ரோமர் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசியிருக்கிறார். ஆளுகிறவர்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவது தேவன் நியமித்ததை எதிர்ப்பது என்பது அந்தப் பிரசங்கத்தின் சாரம். அதே வாரம் இந்தச் சகோதரியின் செல் குழு, அதாவது சபைக்குள் கூடும் சிறு ஜெபக் குழுவின், தலைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் நேர்மாறான செய்தி வந்திருக்கிறது: எதிர்க்கட்சி வேட்பாளர்களில் ஒருவர் விசுவாசி, அவருக்குப் போடாத வீட்டில் ஆசீர்வாதம் தடைபடும், சாபம் வரும். இவர் அதை யோசிக்காமல் தங்கைக்கு அனுப்பினார். கணவர் பிரசாரம் நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே தன் ஃபேஸ்புக் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். மாமியாரோ, “நாம பரதேசிகள், பரலோகத்துக்காரங்க. நமக்கு எதுக்கு அரசியல்?” என்கிறார்.

வாக்களிப்பு நாளன்று தடுப்புக்குப் பின்னால் நின்று இரண்டு குரல்களையும் மாறி மாறிக் கேட்டாராம். சீட்டில் வரிசை எண்ணைப் பார்த்ததும் பயமும் சேர்ந்துகொள்ள, ஒன்றும் குறிக்காமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். நான் செய்தது பாவமா, குற்றமா? கணவருக்கு ஏதாவது வருமா? கிறிஸ்தவர்கள் அரசியல் பேசவே கூடாது என்பதுதானே இங்கே சட்டம்? அடுத்த முறை போகாமலே இருந்துவிடலாமா? இதைப் போலீசில் புகாராகக் கொடுக்கலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் வழக்கறிஞன், போதகன் அல்ல. ஆனால் பல வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவன். அதனால் வசனத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியவில்லை. வேதம் பற்றி நான் சொல்வதை உங்கள் வேதாகமத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்வது பொதுவான விளக்கம்தான். கணவரின் விஷயத்துக்கு மட்டும் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கிவைப்போம். வெறும் சீட்டைப் போட்டது குற்றம் இல்லை. அது செல்லாத ஓட்டாக எண்ணப்படும், அவ்வளவுதான்.

ரோமர் 13

“தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை” என்று பவுல் எழுதியது உண்மை. எழுதிய காலத்தில் ரோமை ஆண்டவன் நீரோ. அந்தக் கடிதத்தை வாசித்த ரோமாபுரி விசுவாசிகளுக்கு ஆட்சியை மாற்ற ஓட்டு எதுவும் கிடையாது. வரி கட்டு, கனம் கொடு, கலகம் வேண்டாம் என்பதுதான் அவர்களுக்கு அவர் சொன்ன நடைமுறை. நம் நிலைமை வேறு. இங்கே ஆளுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அரசமைப்புச் சட்டமே குடிமக்களிடம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது என்றால் போய் ஓட்டுப் போடுவதுதான். சீட்டில் இருக்கும் எந்தப் பெயருக்குப் போட்டாலும் கீழ்ப்படிதல்தான். சட்டம் உங்கள் முன்னால் வைத்த சீட்டில் ஒரு கட்டத்தில் குறியிட்டதைக் கலகம் என்று எப்படிச் சொல்வது? போதகர் நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம். ஆனால் வசனம் சுமக்காத பாரத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டார்.

அதே அதிகாரத்தில் பவுல் அதிகாரியை ‘தேவ ஊழியக்காரன்’ என்கிறார். நாம் இதை அதிகாரிக்குப் பட்டம் சூட்டுவதாக வாசித்துப் பழகிவிட்டோம். ஊழியக்காரன் என்றால் மேலே ஒரு எஜமான் இருக்கிறார், கணக்குக் கேட்பார் என்றும் பொருள். இதை மறந்த இடங்களில் என்ன நடந்தது என்று சரித்திரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை நியாயப்படுத்த இந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தார்கள். அதைக் கண்டித்து 1985இல் ‘கைரோஸ் ஆவணம்’ எழுதியவர்களும் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள்தான்.

எனக்கு இதைவிடத் தெளிவாகப் பேசுவது 1 பேதுரு 2:17. “எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்.” நான்கு கட்டளை. ராஜாவுக்கு வரும் சொல்லும் எல்லாருக்கும் வரும் சொல்லும் ஒன்றே: கனம். உங்கள் புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளிக்குத் தரும் அதே கனம். பயம் என்ற சொல்லை இந்த வசனத்தில் பேதுரு தேவனுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார். நீங்கள் அன்று அந்தத் தடுப்புக்குப் பின்னால் பயந்தது யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் பயந்தவன்தான்.

‘விசுவாசிக்கே ஓட்டு’

இது அன்பான யோசனை போலத் தெரியும். ஆனால் வேதமே இதற்கு உடன்படவில்லை. ஏசாயா 45இல் பாரசீக ராஜா கோரேசைக் கர்த்தர் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவன்’ என்கிறார். அடுத்த மூச்சில், அவன் தம்மை அறியாதவன் என்றும் சொல்கிறார். இன்னொரு பக்கம் ஆகாப். உடன்படிக்கையின் ஜனமான இஸ்ரவேலில் பிறந்த ராஜா. ஆனால் நாபோத்தின் திராட்சத்தோட்டம் அவன் கண்ணை உறுத்தியது. கடைசியில் நாபோத் கல்லெறியுண்டு செத்தான். ஆளுகிறவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்பதைவிட, அவர் கையில் நாபோத்தின் தோட்டம் பத்திரமாக இருக்குமா என்று பார்ப்பது வேதத்துக்கு நெருக்கமான கேள்வி என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு, முஸ்லிம்கள் 15.6, இந்துக்கள் 5. ஆளாளுக்குத் தங்கள் சமயத்தவருக்கே ஓட்டு என்று கிளம்பினால், உங்கள் எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தின் கதி என்ன? மற்றவர் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே அவர்களுக்குச் செய்யச் சொன்னார் இயேசு. வாக்குச் சாவடிக்கு மட்டும் அவர் விலக்குத் தரவில்லை.

ஒரு வேட்பாளரின் நேர்மையை, குடும்ப வாழ்க்கையை, பேச்சை நீங்கள் எடைபோடலாம். உங்கள் விசுவாசம் உங்கள் மனச்சாட்சியை உருவாக்கியிருக்கிறது. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு யாரும் ஓட்டுப் போடப் போவதில்லை, போகவும் தேவையில்லை.

மாமியாருக்கு ஒரு வார்த்தை

“நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்ற வசனத்தைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார். அது பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அப்போஸ்தலர் 16ஐயும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். விசாரிக்காமல் அடித்து, தொழுமரத்தில் கால்களை மாட்டி, மறுநாள் சத்தமில்லாமல் போய்விடு என்றபோது, நாங்கள் ரோமர், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்று பவுல் அடம்பிடித்த ஊர் எது? அதே பிலிப்பி. பரலோகக் குடியுரிமை பற்றி எழுதிய கைக்கு, பூலோகக் குடியுரிமையை எப்போது எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. மாமியாரிடம் இதை வாதமாக வைக்க வேண்டாம், அத்தை, இதைக் கொஞ்சம் வாசிப்போமா என்று கேளுங்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

கிறிஸ்தவர்கள் அரசியல் பேசக் கூடாது என்று இங்கே சட்டம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுச் சட்டங்களுக்கு உட்பட்டுத்தான் அந்த உரிமை. ஒரு கிறிஸ்தவர் கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம், கோப்பிக் கடையில் உட்கார்ந்து கொள்கைகளை விமர்சிக்கலாம்.

கோடு வேறு இடத்தில் இருக்கிறது. 1990இல் நிறைவேறி 1992இல் நடப்புக்கு வந்தது சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம். அதற்குப் பின்னணியாக 1987 கைதுகளைச் சொல்வார்கள். கத்தோலிக்க அமைப்புகளோடு தொடர்புடைய சமூக ஊழியர்கள் உட்பட 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். அது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை, இங்கே அதற்குள் போகவில்லை. சட்டத்தின்படி, போதகர், மூப்பர், நிர்வாகி என்று ஒரு சமயக் குழுவில் அதிகாரம் உள்ளவர், சமயத்தைப் பரப்புவது அல்லது கடைப்பிடிப்பது என்ற போர்வையில் ஒரு கட்சியின் நோக்கத்தை வளர்த்தால், அமைச்சர் அவருக்குத் தடையுத்தரவு போடலாம். முன்பு 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. 2019இல் திருத்தப்பட்டு 2022 நவம்பர் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, உத்தரவு உடனே செல்லும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எதிர்க்கட்சிக்காகப் பேசினால் தப்பு, ஆளுங்கட்சிக்காகப் பேசினால் பரவாயில்லை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆக, உங்கள் செல் குழுத் தலைவரின் செய்தி எந்தக் கோட்டருகே நிற்கிறதோ, போதகரின் பிரசங்கமும் அதே கோட்டருகேதான் நிற்கிறது. போதகர் பேசியது ஆராதனை மேடையில் என்பதால் இன்னும் ஓரடி நெருக்கம் என்றே சொல்வேன்.

ஆட்சியாளர்களுக்காக ஜெபிப்பது இதில் சேராது. 1 தீமோத்தேயு 2 அதைக் கட்டளையாகவே சொல்கிறது. எம்.பி. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து வாழ்த்துச் சொல்லி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போவதும் சேராது. சபைகளின் பெரியவர்களே இந்தக் கோட்டை மதித்த சம்பவம் உண்டு. 2009இல் அவேர் பெண்கள் அமைப்பின் தலைமையை ஒரே சபையைச் சேர்ந்த பெண்கள் சிலர் கைப்பற்றிப் பெரிய சர்ச்சை ஆனது. அப்போது சிங்கப்பூர் தேவாலயங்களின் தேசிய மன்றம், சபைகள் அதில் தலையிடுவதையும் பிரசங்க மேடையை அதற்குப் பயன்படுத்துவதையும் ஏற்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது.

அந்த ‘சாபம்’ என்ற சொல்

எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இந்த ஒரு சொல்தான். நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் ‘தகாத செல்வாக்கு’ என்றொரு குற்றம் இருக்கிறது. ஒருவரை ஓட்டுப் போட வைக்கவோ தடுக்கவோ மிரட்டுவது அது. உடலுக்கோ பொருளுக்கோ கேடு வரும் என்று மிரட்டுவது மட்டுமல்ல, ஆன்மிகக் கேடு வரும் என்று மிரட்டுவதையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ‘சாபம் வரும்’ என்று எழுதியவர் அந்த வாசகத்துக்கு எவ்வளவு அருகில் போய்விட்டார் பாருங்கள். அவர் மனதில் மிரட்டும் நோக்கம் இருந்ததா என்பது விசாரணையில் பார்க்க வேண்டியது. அவருக்காக வாதாடும் வேலையை என்னிடம் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கமாட்டேன்.

நீங்கள் தங்கைக்கு அனுப்பியது வேறு. ஒரு குடிமகள் தன் சொந்த அரசியல் கருத்தை இன்னொருவருக்குப் பணம் வாங்காமல் தனிப்பட்ட முறையில் அனுப்புவதை, பிரசாரம் கூடாத வாக்களிப்புக்கு முந்தைய நாளில்கூடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பியது உங்கள் கருத்து அல்லவே, இன்னொருவர் எழுதிய பயமுறுத்தல். தங்கையைக் கூப்பிட்டு, “நான் அனுப்பினதை மனசுல வச்சுக்காதே, சாபமெல்லாம் இல்ல” என்று சொல்லிவிடுங்கள். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், அவளும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் உங்களைப் போலவே நின்றிருப்பாள்.

கணவரின் ஃபேஸ்புக் பதிவு

இதுதான் அவசரம். சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாதவர் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது. பத்து வருடமாக வரி கட்டியிருக்கலாம், வீடு வாங்கியிருக்கலாம், பிள்ளைகள் இங்கே தேசிய சேவை செய்யலாம். குடியுரிமை வாங்கும்வரை நிரந்தரவாசியும் இந்தத் தடைக்குள்தான் வருகிறார். நிறைய பேர் இதை வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்கான விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பொருந்தும்தான். 2025 ஏப்ரலில், சமயத்தையும் இனத்தையும் இழுத்துத் தேர்தல் பற்றி வெளிநாட்டவர் போட்ட பதிவுகளை இங்கே தெரியாதபடி முடக்கச் சொல்லி ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு உத்தரவு போனது. உங்கள் கணவர் அந்த வகை ஆள் இல்லை, செல் குழுவில் வந்ததைப் பாசத்தில் பகிர்ந்தவர். ஆனால் சட்டத்துக்கு முன்னால் அவர் குடிமகன் அல்லாதவர், பதிவு பொதுவில் இருக்கிறது.

பதிவு இன்னும் இருந்தால் முதலில் அதன் படத்தையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எதையும் அடியோடு அழித்து ஒளிக்க வேண்டாம். விளக்கம் சொல்லி இன்னொரு பதிவும் வேண்டாம், பெரும்பாலும் அந்த இரண்டாவது பதிவில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். காவல்துறையிடமிருந்து கடிதமோ அழைப்போ வந்தால், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு பதிவால் வீடு வாசல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் யோசனையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சும்மா விடாதீர்கள் என்கிறேன்.

வரிசை எண்ணும் அடுத்த தேர்தலும்

சீட்டில் எண் இருப்பது கள்ளச் சீட்டைத் தடுக்க. எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைக்கப்பட்டு, பிறகு அழிக்கப்படுகின்றன. இடையில் அவற்றைத் திறந்து ஒப்பிட நீதிமன்ற ஆணை வேண்டும். வட்டாரத் தொண்டரோ உங்கள் அலுவலக மேலாளரோ போய்ப் பார்க்கும் இடமில்லை அது.

போகாமலே இருந்துவிடலாமா என்றால், இங்கே வாக்களிப்பு கட்டாயம். போகாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். வெளிநாட்டில் வேலை, படிப்பு, உடல்நலக் குறைவு, பிரசவம் போன்ற தகுந்த காரணம் இருந்தால் கட்டணம் இல்லாமல் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்ட வேண்டும். ‘இரண்டு பிரசங்கம் கேட்டுக் குழம்பிவிட்டேன்’ என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

செயலாளராக நீங்கள் செய்ய வேண்டியது

போலீசில் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உரிமை இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது. ஆனால் முதல் படி அதுவல்ல என்று நினைக்கிறேன். மத்தேயு 18 சொல்லும் வரிசை உங்களுக்குத் தெரியும்: முதலில் தனியாகப் போய்ப் பேசுவது, பிறகு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போவது, அப்புறம்தான் சபை. செல் குழுத் தலைவரிடம் அந்தத் தேர்தல் சட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த தேர்தலிலும் அதையே செய்தால் நிலைமை வேறு.

போதகரிடம் பேசுவது கஷ்டம், எனக்குப் புரிகிறது. நம் சபைகளில் மேடையில் சொன்னதைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் குறைவு, அதுவும் ஒரு பெண் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கையில் ஒரு நல்ல காகிதம் இருக்கிறது. உங்கள் சபை சங்கமாகப் பதிவானது என்கிறீர்கள். அப்படியானால் அதன் விதிமுறைகளில், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், சங்கம் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடாது, பணத்தையும் இடத்தையும் அரசியலுக்குப் பயன்படுத்த விடாது என்ற பொருளில் ஒரு விதி இருக்கும். சங்கங்களின் பதிவகம் தரும் மாதிரி விதிமுறைகளிலேயே அது உண்டு. நான் நிர்வாகக் குழுவில் இருந்தபோது எங்கள் சபையிலும் ஒருவர் கூட்ட அறையை ஒரு கட்சி நண்பருக்குக் கேட்டார். அரை மணி நேரம் வாதம், குரல் உயர்ந்தது. பொருளாளர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பழைய கோப்பை எடுத்துவந்து ஒரு பத்தியை வாசித்தார். கேட்டவர், “சரி, இதுல இருக்கா?” என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாரும் தேநீர் குடிக்கப் போனோம்.

நீங்களும் அந்தப் பத்தியை நகல் எடுத்து, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘தேர்தல் காலத்தில் மேடையும் வாட்ஸ்அப் குழுக்களும்’ என்று ஒரு வரியாகச் சேருங்கள். பெயர் எதுவும் வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே போதகருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், எல்லார் முன்னாலும் அவர் முதல்முறையாகப் பார்க்கும்படி ஆகக் கூடாது.